பசுமலை டீச்சரின் டிஸ்சார்ஜ் சீட்டு

21 நவ. 83, திங்கள்

காலையிலிருந்து தூறல். ஆண்டு முடியப்போகிற நேரத்தில் டைரி தொடங்குவதற்கு யாரிடமாவது மன்னிப்புக் கேட்க வேண்டும் போலிருக்கிறது. மருந்துக் கம்பெனிக்காரர் ஆஸ்பத்திரியில் கொடுத்தது, சும்மா கிடந்தது. கோலம் போட்டுப் பழக அம்மா கேட்டாள். கொடுக்கவில்லை.

ஆஸ்பத்திரி ரெக்கார்டு அறையில் ஆறாவது மாதம். வேலை பிடித்திருக்கிறது. வீட்டுக்குப் போகும் நோயாளியின் சீட்டில் டாக்டர் எழுதிய நோய்க்கு, தடித்த புத்தகத்தைப் பார்த்து நம்பர் போட வேண்டும். டைபாய்டு, காமாலை எல்லாம் மனப்பாடம். இன்று முதல் முறையாக மனநல வார்டுக் கட்டு என் மேசைக்கு. அறைக்குப் பொறுப்பான சூசை சார், "பயப்படாதம்மா, நம்பர் கடிக்காது" என்றார்.

மதியம் எலுமிச்சை சாதம். உப்புக் கம்மி.

22, செவ்வாய்

மழை இல்லை. ஒரு சீட்டில் தடங்கல். பசுமலை டீச்சர் ஒருவர். போகிற கல்யாண வீட்டிலெல்லாம் ஸ்பூன், டம்ளர் எடுத்து வந்துவிடுகிறாராம். தேவையே கிடையாது. கை தானாகப் போகிறது, அடக்க முடியவில்லை, பிறகு அழுகை. புத்தகத்தில் 312-க்குள் இதற்கு ஓர் இடம் இருக்கிறது. பார்த்ததும் ஏனோ நிம்மதி. இவரைப் போல இன்னும் பலர் இருந்தால்தானே அச்சில் ஏறியிருக்கும்.

ஆனால் நோய் என்ற இடத்தில் டாக்டர் எழுதியிருப்பது: 'பொருள் எடுத்தல். கவனிப்புக்காக.' அவ்வளவுதான். அப்படியென்றால் நான் போட வேண்டிய நம்பர் V71. சந்தேகப்பட்டுக் கவனித்தோம், நோய் இல்லை.

23, புதன்

டீச்சரின் வீட்டுக்காரர் வந்தார். சர்டிபிகேட் வேண்டும். நாங்கள் போடும் நம்பரைப் பார்த்துத்தான் அது டைப் ஆகும். வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்தில் விசாரணைக் கமிட்டி. நோய் என்றால் லீவு. இல்லையென்றால் திருட்டு, வேலை போய்விடும்.

"எல்லாத்தையும் நானே திருப்பிக் குடுத்துட்டேம்மா. சாமான்ல பேரு வெட்டிருக்கும்ல, அதப் பாத்து வீடு வீடா. ஒரு டம்ளர்ல மட்டும் வெறும் மீனா. மதுரையில எம்புட்டு மீனான்னு போயித் தேடுவேன்?"

சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். பிறகு துண்டால் கண்ணைத் துடைத்தார்.

"டாக்டர் வாயால சொன்னாரும்மா, இது சீக்கு, திருட்டு இல்லேன்னு."

அவர் போனதும் சூசை சார்: "வாயால சொன்னதுக்கு நம்பர் கிடையாது. நாமளா ஒரு எழுத்துச் சேக்கக் கூடாது. எழுதுனவர்ட்டயே போயிக் கேளு."

"நீங்க கேட்டா..."

"யாரு மேசைக்கு வந்த சீட்டு, தாயி?"

டாக்டரிடம் இதுவரை 'குட்மார்னிங்' தவிர எதுவும் சொன்னதில்லை. அதுவும் அவருக்குக் கேட்டிருக்காது.

24, வியாழன்

நல்ல வெயில். அரக்குச் சேலை. வேலைகள்: குடை ரிப்பேர், அம்மாவுக்குக் கண் சொட்டு மருந்து, டாக்டர்.

காலை: அவர் அறைவாசல் வரை போய்த் திரும்பினேன். கூட்டம்.

மதியம்: மறுபடி. சாப்பிடப் போயிருந்தார். சந்தோஷமாக இருந்தது. வெட்கக்கேடு.

கேண்டீனில் வடை சூடு. இரண்டு சாப்பிட்டேன்.

மாலை: வார்டு வாசலில் ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார். "யாரும்மா, என்ன வேணும்?" சீட்டை நீட்டினேன். குரல் வந்துவிட்டது, என்னுடையதுதான்.

"ரெக்கார்டு ரூம் சார். பசுமலை டீச்சருக்கு என்ன நோயின்னு நீங்க வாயால சொன்னீங்களாம். அத இதுலயும் எழுதிக் குடுங்க சார். இப்பவே."