சாப்பிட்டாச்சு

ஜூலை 1

பள்ளிக்கூடத்தை நேற்றோடு விடுமுறைக்கு மூடிவிட்டார்கள். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். எனக்குத்தான் கவலை. பள்ளி நடக்கும்வரை மதியச் சாப்பாடு அங்கேயே முடிந்துவிடும். இனி இரண்டு வயிறும் வீட்டில் உட்கார்ந்து என்னைப் பார்க்கும். நானோ காலையில் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துக்குள் நுழைந்தால் மூன்று மணிக்குத்தான் வெளியே வருவேன்.

அக்காவிடம் இதையெல்லாம் சொல்ல முடியாது. அத்தான் போன பிறகு, இரண்டு பெண்களையும் என்னிடம் விட்டுவிட்டு வேறு ஊரில் ஒரு வீட்டோடு தங்கி, படுத்த படுக்கையாக இருக்கும் ஒரு அம்மாவைப் பார்த்துக்கொள்கிறாள். "கஷ்டமா இருந்தா சொல்லுடி, எல்லாத்தையும் விட்டுட்டு வந்திடறேன்" என்று போனில் ஒவ்வொரு தடவையும் சொல்கிறாள். வந்தால் நான்கு பேரும் சேர்ந்து பட்டினி கிடக்கலாம், அவ்வளவுதான். அதனால் இங்கே எல்லாம் நன்றாகவே இருக்கிறது. எப்போதும்.

சலவைக்கூடத்தில் என்னோடு போர்வை மடிக்கும் அம்மா ஒரு சேதி சொன்னாள். பள்ளிக்கூடத்து ஹாலிலேயே பிள்ளைகளுக்கு விடுமுறை முகாமாம். விளையாட்டு, களிமண் வேலை, பாட்டு, மதியச் சாப்பாடு. எல்லாமே இலவசம். நாங்கள் ஒன்றும் அவ்வளவு கெட்டுப்போய்விடவில்லை என்று சொல்லிவிட்டேன். மடிப்புக்காரம்மா அடுத்த போர்வையின் இரண்டு மூலையை என் கையில் கொடுத்தாள்.

ஜூலை 2

சேர்த்துவிட்டேன். என் வீராப்புக்கு ஒரு நாள்தான் ஆயுசு.

ஜூலை 3

முகாமின் முதல் நாள். காலையில் தலை வாரிவிட்டுக்கொண்டே, பக்கத்து வீட்டுக்குப் போகும்போது சொல்கிற பாடம் முழுவதையும் ஒப்பித்தேன். பறக்காவெட்டி மாதிரி தட்டை நீட்டக் கூடாது. எதையும் கேட்டு வாங்கக் கூடாது. யார் சாப்பிட்டியா என்று கேட்டாலும் சாப்பிட்டாச்சு என்று சொல்ல வேண்டும். அக்காவும் நானும் இதைக் கேட்டு வளர்ந்தவர்கள்தான். வாய் தன்பாட்டுக்கு ஓடியது, கை தன்பாட்டுக்குப் பின்னியது.

மூத்தவள் தலையை ஆட்டினாள். ஒன்பது வயது. மானேஜர் என்றுதான் கூப்பிடுவேன். என் குடை எங்கே, சாவி எங்கே, எல்லாம் அவளைக் கேட்டால்தான் தெரியும். ஒரு சட்டம் போட்டுவிட்டால் அதிலிருந்து இம்மி நகர மாட்டாள். சின்னவளுக்கு ஐந்து. பெயர் ரேடியோ. காலையில் கண் திறப்பதற்கு முன் வாய் திறந்துவிடும். நான் சொன்ன பாடத்தில் ஒரு வார்த்தைகூட அவள் காதில் ஏறியிருக்காது.

சாயங்காலம் இருவருக்கும் சோறு போட்டேன். எனக்கு வேலையிலேயே ஆகிவிட்டது என்றேன். ஆகவில்லை. இங்கே எழுதினால் என்ன, இதை யார் படிக்கப்போகிறார்கள்.

ஜூலை 4

ரேடியோவின் இன்றைய செய்திகள்: சின்னப் பிள்ளைகளுக்குத்தான் முதல் பந்தி. ஆளுக்கு ஒரு முட்டை, ஒரு வாழைப்பழம். முகாம் நடத்துகிற மாஸ்டருக்கு விசில் இல்லாமல் பேச்சே வராது. சமையல்காரர் ரொம்பக் குண்டு, ஆனால் நல்லவர். பரிமாறுவது யார் தெரியுமா? "அக்காதான் கரண்டி புடிச்சா. நேத்தும் அவதான்."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. போன இடத்திலும் பொறுப்பைக் கையில் எடுத்துக்கொண்டாளே என்று அவள் கன்னத்தைக் கிள்ளினேன். அவள் சிரிக்காமல் தண்ணீர் குடிக்கப் போனாள்.

ஜூலை 7

மானேஜர் சாயங்காலம் சாப்பிட்ட வேகத்தைப் பார்த்துப் பயந்துபோனேன். பானையின் அடியைச் சுரண்டிப் போட்டேன், அதுவும் போயிற்று. மதியம் என்ன போட்டார்கள் என்று கேட்டேன். சோறு, பருப்பு, பீன்ஸ் என்றாள். நன்றாக இருந்ததா என்றேன்.

"எல்லாரும் நல்லா இருக்குன்னாங்க."

வளர்கிற பிள்ளை, பசிக்கத்தானே செய்யும்.

ஜூலை 8

ஓட்டப் பந்தயத்தில் மானேஜர் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டாளாம். தலை சுற்றியதாம். ரேடியோ சொல்லித்தான் தெரியும். அவளைக் கேட்டால் வெயில் என்கிறாள். எனக்கா தெரியாது? இலவசம் என்று சொல்லிவிட்டு அரைக் கரண்டியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். மிச்சமெல்லாம் அந்தக் குண்டுச் சமையல்காரர் வீட்டுக்குப் போகிறது போல. உடம்பைப் பார்த்தாலே தெரியவில்லையா!

நாளைக்கு இருக்கிறது அவருக்கு.

ஜூலை 9

மூக்கு உடைபட்டுத் திரும்பிவந்தேன். எழுதக் கை வரவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

சூப்பர்வைசரிடம் கெஞ்சிக்கூத்தாடி மதியமே கிளம்பிவிட்டேன். ஹாலுக்குப் பின்னால் குழாயடியில் சமையல்காரர் அண்டா தேய்த்துக்கொண்டிருந்தார். வரிந்துகட்டிக்கொண்டு ஆரம்பித்தேன். இலவசம் என்றால் அரை வயிற்றுக்குப் போட்டால் போதுமா, பிள்ளை மயங்கி விழுந்தால் நீங்களா பதில் சொல்வீர்கள் என்று தெருவே கேட்கிற மாதிரி கத்தினேன். அவர் ஈரக்கையோடு நின்று முழுவதும் கேட்டார். பிறகு, உங்கள் பெண் யார் என்றார். ஹாலுக்குள் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தவளைக் காட்டினேன்.

"அந்தக் கரண்டிப் பாப்பாவா? அது தினமும் வீட்லயே சாப்பிட்டுட்டு வருதாமே. நானும் கேக்காத நாள் இல்ல. சாப்பிட்டாச்சு மாமா, நான் பரிமாறறேன்னு சொல்லிடும். நானும், பரவாயில்ல, உங்க வீட்ல காலையிலயே ஆக்கிடுவாங்க போலன்னு விட்டுட்டேன்."

என் முகத்தில் ஈயாடவில்லை. காலையில் நான் கொடுப்பது இரண்டு துண்டு ரொட்டியும் டீயும். அதோடு ஓடியிருக்கிறாள். அதோடு நின்று மற்ற பிள்ளைகளுக்கெல்லாம் சோறு போட்டிருக்கிறாள்.

வரும் வழியில் ரேடியோவை முன்னால் ஓடவிட்டுவிட்டு, ஏண்டி இப்படிச் செய்தாய் என்று கேட்டேன்.

"நீதானே சித்தி சொன்னே. யார் கேட்டாலும் சாப்பிட்டாச்சுன்னு சொல்லணும்னு."

"அது பக்கத்து வீட்டுக்குடி. இது உங்களுக்குன்னே ஆக்குற சோறு."

"அதை நீ சொல்லலையே."

சொல்லவில்லைதான். அதோடு அவள் விட்டிருந்தால் தேவலை. கொஞ்ச தூரம் நடந்த பிறகு, என்னைப் பார்க்காமலே சொன்னாள்:

"நீயும்தான் தினமும் சாப்பிட்டாச்சுங்கறே. பாத்திரம் நான்தானே கழுவறேன். ரெண்டு தட்டுதான் இருக்கு."

அடிப்பாவி. ஒன்பது வயசு. தட்டை எண்ணிட்டு இருந்திருக்கா. நான் என்னமோ பெரிய கெட்டிக்காரி மாதிரி ஏமாத்திட்டு இருக்கேன்னு நெனச்சேன். என்ன பண்ணி வச்சிருக்கேன் நான்? எதைப் போய் இந்தப் புள்ளைக்குச் சொல்லிக்குடுத்திருக்கேன்?

ஜூலை 10

காலையில் தெளிவாகச் சொல்லி அனுப்பினேன்: அங்கே சாப்பிட வேண்டும், அது உன் பங்கு, வெட்கப்பட ஒன்றுமில்லை. தலையை ஆட்டினாள். ரேடியோவின் செய்தி: இன்றும் அக்காதான் கரண்டி. சமையல்கார மாமா திட்டினார். அக்கா அழவில்லை. பழம் மட்டும் எடுத்துக்கொண்டாள். அதிலும் பாதியை ரேடியோவுக்கே கொடுத்துவிட்டாளாம்.

சாயங்காலம் மூன்று தட்டு வைத்தேன். பார்த்துக்கொள், நானும் சாப்பிடுகிறேன் என்று அவள் எதிரிலேயே உட்கார்ந்தேன். அந்த நேரம் பார்த்து மாடி வீட்டுக்காரி குடை கேட்டு வந்து நின்றாள். "என்ன, சாப்பிட்டாச்சா?" என்றாள். நான் தட்டில் இன்னும் கையே வைக்கவில்லை. "ஆச்சு ஆச்சு" என்கிறது என் வாய். அவள் கையில் ஏதோ பாத்திரம் இருந்தது. கொஞ்சம் கொடுக்கலாம் என்றுதான் கேட்டாள் போலிருக்கிறது. குடையை மட்டும் வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

மானேஜர் என்னையே பார்த்தாள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

"நீ ஒரு தடவை இல்லைன்னு சொல்லு சித்தி. அப்புறம் நானும் சொல்றேன்."

இல்லை. இரண்டு எழுத்தா, மூன்று எழுத்தா? அதைச் சொல்வதற்கு என்ன கேடு எனக்கு? யார் என்ன நினைத்துவிடப்போகிறார்கள்? ஒருவரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். தெரிகிறது. தெரிந்தும் வாய் வரமாட்டேன் என்கிறது.

ஜூலை 11

இன்றும் சீக்கிரமே கிளம்பினேன். சூப்பர்வைசர் முறைத்தார், முறைக்கட்டும். நான் போய்ச் சேரும்போது கடைசிப் பந்தி முடிந்து பிள்ளைகள் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். மானேஜர் கரண்டியும் கையுமாக அண்டாவின் பக்கத்தில் நின்றாள். இன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. மூஞ்சியைப் பார்த்தாலே தெரிந்தது.

சமையல்காரர் என்னைப் பார்த்ததும் ஓர் அடி பின்வாங்கினார், நேற்று முன்தினம் வாங்கிக்கட்டிக்கொண்டவர் அல்லவா. பிறகு, வந்தவர்களை எல்லோரும் கேட்கிற மாதிரி அவரும் கேட்டார்:

"வாங்கம்மா. சாப்பிட்டீங்களா?"

மானேஜர் திரும்பிப் பார்த்தாள். ஹாலில் விசில் மாஸ்டர் இருந்தார், இரண்டு அம்மாக்கள் இருந்தார்கள், எல்லோரும் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு மட்டும் ஊரே கூடி நிற்கிற மாதிரி இருந்தது. "ஆச்சு" நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதை விழுங்கினேன்.

"இல்லீங்க. இன்னும் சாப்பிடலை."

வானம் இடிந்து விழவில்லை. பெரியவர்களுக்கு இங்கே கிடையாதே என்று அவர் சொல்லிவிடுவாரோ என்றுதான் பயந்தேன். அவர் அண்டாவை எட்டிப்பார்த்துவிட்டு, கீழே நிறைய இருக்கிறது, இல்லாவிட்டால் கொட்டத்தான் வேண்டும், உட்காருங்கள் என்றார். சின்னப் பிள்ளைகளின் பெஞ்சு. உட்கார்ந்தால் முழங்கால் மோவாயில் இடிக்கிறது. மானேஜர் தட்டைக் கொண்டுவந்து வைத்துச் சோறு போட்டாள், பருப்பு ஊற்றினாள்.

"போதுமா?"

"இன்னும் கொஞ்சம் போடு."

அதைச் சொல்வது இன்னும் கஷ்டம். சொல்லிவிட்டேன். அவள் முகம் கோணிக்கொண்டு வந்தது. கரண்டியைச் சமையல்காரரிடம் கொடுத்துவிட்டு, "மாமா, நானும் சாப்பிடலை" என்றாள். என் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அவர் எதுவும் கேட்காமல் அவளுக்கும் போட்டார், இரண்டு முட்டை. ஏற்கெனவே சாப்பிட்டுவிட்ட ரேடியோவும் ஓடிவந்து, தானும் இன்னும் சாப்பிடவில்லை என்று அடித்துச் சொன்னாள். அவளுக்கும் ஒரு தட்டு வந்தது.

பருப்பில் உப்பு கொஞ்சம் கம்மி. அவ்வளவு ருசியாக நான் எப்போது சாப்பிட்டேன் என்று நினைவில்லை. அழுதுகொண்டே சாப்பிட்டதால் உப்பு சரியாகிவிட்டது.

ஜூலை 12

மூன்று தட்டு கழுவினாள்.

ஜூலை 15

மடிப்புக்காரம்மா வழக்கம்போல் சாப்பிட்டாயா என்றாள். இல்லை என்றேன். கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை, பையிலிருந்து ரொட்டியை எடுத்துச் சரிபாதியாகப் பிய்த்துக் கொடுத்தாள். பிறகு, "கேட்டுக் கேட்டு எனக்கே அலுத்துப்போச்சு" என்றாள். நாளைக்கு என் முறை என்று சொல்லியிருக்கிறேன். முட்டை அவித்துக்கொண்டுபோக வேண்டும்.

ஜூலை 18

ஓட்டப் பந்தயத்தில் மானேஜர் மூன்றாவதாம். எத்தனை பேர் ஓடினார்கள் என்று கேட்டதற்கு ரேடியோ பேச்சை மாற்றிவிட்டாள்.

கரண்டி இப்போதும் அவளிடம்தான். முதலில் தான் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு அப்புறம்தான் பிடிக்கிறாளாம். புதிதாக ஒரு சட்டம் வேறு போட்டிருக்கிறாள்: சாப்பிட்டாச்சு என்று சொல்லுகிற பிள்ளைகள் வாயைத் திறந்து காட்ட வேண்டும். சமையல்காரர் என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அவரைப் பற்றி எட்டாம் தேதி நான் எழுதியதை அடித்துவிடலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும்.

ஜூலை 25

சாயங்காலம் அக்கா போன் பண்ணினாள். ஸ்பீக்கரில் போட்டு நடுவில் வைத்துக்கொண்டு மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தோம். முகாமைப் பற்றி முதல் முறையாகச் சொன்னேன். இலவசம், மதியச் சாப்பாடு, எல்லாம். இதை ஏன் இத்தனை நாள் மறைத்தாய் என்று திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். நல்லதுடி, ரொம்ப நல்லது என்றாள். குரல் ஒரு மாதிரி இருந்தது.

நீ சாப்பிட்டாயா அக்கா என்று கேட்டேன்.

"ஆச்சுடி, அப்பவே ஆச்சு."

எனக்கு இத்தனை வருடமாகத் தெரியாத குரலா அது? என் குரல்தானே. மானேஜர் என்னைப் பார்த்தாள். பிறகு போனுக்குப் பக்கத்தில் குனிந்தாள்.

"அம்மா, உன் தட்டு எங்க இருக்கு?"

லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

"...அடுப்படியில இருக்குடா."

"எடுத்துட்டு வா. நாங்க லைன்லயே இருக்கோம்."

நாற்காலி இழுபடுவது கேட்டது. மூடி திறக்கிற சத்தம். தட்டில் கரண்டி படுகிற சத்தம். பிறந்ததிலிருந்து வாயை மூடாத ரேடியோ, போனிலேயே காதை வைத்துக்கொண்டு மூச்சுவிடாமல் கேட்டாள். அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டே சாப்பிட்டாள். நானும் சாப்பிட்டேன்.

"போதுமாம்மா? இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ" என்றாள் மானேஜர்.

இன்னொரு கரண்டி விழுகிற சத்தம் கேட்டது. அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை நாங்கள் போனை வைக்கவில்லை.