நைனா ஊரிகத்தில் வைத்த மூன்று டிஸ்க்

என் ஆசை நைனாவுக்கு,

‘நீங்கள்’ என்று எழுதித்தான் தொடங்கினேன். நாலு பேர் படிக்கப்போகிற கடிதமாயிற்றே, மரியாதையாக இருக்கட்டும் என்று நினைத்தேன். இரண்டு வரிக்கு மேல் கை ஓடவில்லை. இருந்த வரைக்கும் ‘நீ, வா, போ’ என்று உன்னோடு மல்லுக்கட்டிவிட்டு இப்போது மரியாதை கொடுத்தால் நீயே சிரிப்பாய்.

விஷயத்துக்கு வருகிறேன். நீ வாங்கிக் கொடுத்த லேப்டாப் போன வியாழக்கிழமை படுத்துவிட்டது. காலையில் வேலையில் இருக்கும்போதே உள்ளே ‘டக் டக்’ என்று ஒரு சத்தம், அப்புறம் கறுப்புத் திரை. அணைத்துப் போட்டேன், தட்டிப் பார்த்தேன், திட்டியும் பார்த்தேன். ஒன்றுக்கும் மசியவில்லை.

லேப்டாப் போனால் போகட்டும் என்று விடுகிற நிலைமையில் நான் இல்லை. உனக்குத் தெரியாது, நீ போன அடுத்த வருஷமே அம்மாவுக்கு வாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. பிடித்துக்கொண்டு நாலடி நடப்பாள், அவ்வளவுதான். என் வீட்டுக்காரர் விடியற்காலை மாரிகுப்பம் ரயிலைப் பிடித்துப் பெங்களூர் போனால் இருட்டின பிறகுதான் திரும்புகிறார். அதனால் நான் தினம் ரயிலில் போய்ப் பார்த்த வேலையை விட்டுவிட்டு, தங்க வயல் கோரமண்டல் வீட்டில் உட்கார்ந்தபடியே ஒரு பெங்களூர் கம்பெனிக்கு இன்ஷூரன்ஸ் பேப்பர்களை டைப் செய்து அனுப்புகிறேன். அம்மாவின் கட்டிலுக்கும் என் மேஜைக்கும் நாலு எட்டுதான்.

மேனேஜருக்கு போன் செய்தேன். நல்ல மனுஷன்தான், ஆனால் அவருக்கும் மேலே ஆள் இருக்கிறதே. “திங்கக்கிழமை காலைல ஒம்போது மணிக்கு நீங்க லாகின் ஆகலன்னா, இனிமே தினம் ஆபீசுக்கே வந்துடுங்க மேடம். இல்லன்னா நான் வேற ஆள பாக்கணும்” என்றார். ஸ்பீக்கரில் பேசித் தொலைத்தேன். அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை ராபர்ட்சன்பேட்டை கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கடைக்காரர் பிரித்துப் பார்த்து, “ஹார்ட் டிஸ்க் பூடுச்சி மேடம். புதுசு போட்டுத் தரேன். ஆனா சிஸ்டம் இன்னா பண்ணப் போறீங்க?” என்று கேட்டார். இந்த மாடலில் சிஸ்டம் கம்பெனியிலேயே உள்ளே ஏற்றி வந்ததாம், தனியாக டிஸ்க் எதுவும் கொடுக்கவில்லையாம். கெட்டுப்போனால் திரும்ப ஏற்றுவதற்கான நகலையும் அதே ஹார்ட் டிஸ்க்கின் ஒரு மூலையில்தான் வைத்திருந்தார்களாம். இப்போது இரண்டும் சேர்ந்து போயிற்று.

லைசென்ஸ் இல்லாத காப்பி சிஸ்டம் போட்டுத் தருவதாகச் சொன்னார். எங்கள் ஆபீஸ் சாஃப்ட்வேர் அதைக் கண்டுபிடித்து வெளியே தள்ளிவிடும். மெஷினுக்கு அடியில் ஒட்டியிருந்த லைசென்ஸ் நம்பர் என் மடிச் சூட்டிலும் வியர்வையிலும் தேய்ந்து வெறும் வெள்ளைக் காகிதம் ஆகியிருந்தது. புது லேப்டாப்புக்கு இப்போது வழியில்லை.

அப்போதுதான் நைனா, உன் ஞாபகம் வந்தது.

லேப்டாப் வந்த முதல் வாரம். ‘சிஸ்டத்துக்கு நகல் டிஸ்க் எடுத்துக்கொள்கிறீர்களா?’ என்று திரையில் ஒரு கட்டம் கேட்டது. நான் ‘பிறகு’ என்பதை அமுக்கினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நீ, “அது இன்னா கேட்டுச்சி? நீ இன்னா அமுக்கின?” என்று பிடித்துக்கொண்டாய். நகல் உள்ளேயே ஒரு மூலையில் இருக்கிறது, வேண்டுமானால் வெளியேயும் எடுத்து வைக்கலாம் என்று விளக்கினேன்.

“அப்போ பொட்டியே கெட்டா? ஏணிய குழிக்குள்ளாற வச்சிட்டு, குழி இடிஞ்சா ஏணில ஏறி வான்றான். நல்லா கீதே இவன் நியாயம்!” என்றாய்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வெயிலில் நடந்துபோய் மூன்று வெற்று டிஸ்க் வாங்கி வந்தாய். அன்றைக்கு நான் சினிமாவுக்குப் போவதாக இருந்தேன். என்னைப் பிடித்து உட்காரவைத்து, ஒவ்வொன்றிலும் நகல் ஏற்றச் சொல்லி, பாதி நாளைத் தின்றாய். “உனக்கின்னா பைத்தியமா நைனா? யார் கேட்டா இத்த?” என்று கத்தினேன். பேனாவால் 1, 2, 3 என்று போட்டு உறைக்குள் வைத்துக்கொண்டு எழுந்து போனாய்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டையே கவிழ்த்துப் போட்டேன். உன் டிரங்குப் பெட்டி, பரண், அரிசி டின் பின்பக்கம், ஒன்றையும் விடவில்லை. நீ போன பிறகு நாங்களே குப்பை என்று தூக்கிப் போட்டுவிட்டோமோ என்று நினைத்து அழுகையே வந்துவிட்டது. வீட்டில் தேடினதுதான் என் தப்பு. சுரங்கத்துக்காரன் மகளுக்கு இந்தப் புத்தி முதலிலேயே வந்திருக்க வேண்டாமா?

சனிக்கிழமை காலை கடைக்காரரே போன் செய்தார். பேட்டரியைக் கழற்றியபோது அந்தப் பள்ளத்தில் ஒரு வெள்ளை பிளாஸ்திரி ஒட்டியிருந்ததாம். “ஏதோ எழுதிக்கீது மேடம். ‘ரெண்டாவது வழி, ஆரோக்கியம், ஊரிகம்.’ இன்னா மேடம் இது, பொதையல் வேட்டையா?” என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை, ‘ரெண்டாவது வழி’ என்றதுமே நீ எழுதியது என்று தெரிந்துவிட்டது. உன் வேலையே அதுதானே. சுரங்கத்தில் ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜ் ஓடாமல் போனால் மேலே வர வேறு வழி வேண்டும் என்று, இன்னொரு ஷாஃப்ட் குழியில் மர ஏணி வைத்திருந்தார்கள். நீயும் ஊரிகத்தில் இருக்கிற உன் கூட்டாளி ஆரோக்கியம் மாமாவும் லெவல் லெவலாக இறங்கி, ஒவ்வொரு படியையும் சுத்தியலால் தட்டிப் பார்த்து, மக்கினதை மாற்றிக்கொண்டே இருப்பீர்கள். உன் சர்வீஸ் முழுக்க உங்கள் இரண்டு பேரைத் தவிர அந்த ஏணியில் ஒருத்தரும் ஏறியதில்லை என்று அம்மா கேலி செய்வாள். இறங்குகிற வழியிலேயே ஏறுகிற வழியையும் வைக்கக்கூடாது என்பது உங்கள் சட்டம். அப்புறம் எப்படி டிஸ்க்கை லேப்டாப் இருக்கிற வீட்டிலேயே வைப்பாய்?

பக்கத்து வீட்டு அக்காவை அம்மாவுக்குத் துணையாக உட்காரவைத்துவிட்டு ஊரிகத்துக்கு ஓடினேன். ஆரோக்கியம் மாமாவுக்குக் காது சரியாகக் கேட்பதில்லை. ஆனால் ‘டிஸ்க்’ என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. மேஜையைப் போட்டு ஏறி, பரணிலிருந்து கிறிஸ்துமஸ் குடில் பொம்மைப் பெட்டியை அவரே இறக்கினார். ஆட்டுக்குட்டிகளுக்கும் மூன்று ராஜாக்களுக்கும் அடியில் உன் உறை இருந்தது.

“வருசா வருசம் டிசம்பர்ல இந்தப் பொட்டி எறக்கறப்ப வந்துடுவான்மா ஒங்க நைனா. எம் மருமக கம்ப்யூட்டர்ல மூணையும் ஒண்ணொண்ணா போட்டுப் பாப்பான். தொறக்குதுன்னா டீ குடிச்சிட்டுப் பூடுவான். கடைசி வருசம் ஒரு டிஸ்க்கு தெணறித் தெணறி ஓடுதுன்னு, அத்த மட்டும் வேற டிஸ்க்குல ஏத்தி வச்சிட்டுப் போனான். மூச்சு வாங்கிக்கினு, குச்சி ஊணிக்கினு வந்தான். இன்னாத்துக்குடா இந்த ஒடம்போடன்னு கேட்டேன். படி மக்கியிருந்தா ஏர்றவனுக்குத் தெரியாதுடான்னான்.”

கடைசி வருஷம். டிசம்பர். எனக்கு அந்த நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது நைனா. முடி வெட்டிக்கொண்டு வருகிறேன் என்று போனாய். மூன்று மணி நேரம் கழித்து மூச்சிரைக்க வந்தாய், தலைமுடி வெட்டாமல் அப்படியே இருந்தது. “முடி வெட்டிக்கப் போனவன் முடியோட வந்து நிக்கிறியே, ஒடம்ப கெடுத்துக்கினு எங்க ஊர் சுத்தின?” என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினேன். “கூட்டமா இருந்துச்சிமா” என்றாய். எனக்காகத்தான் போனேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன குறைந்து போயிருக்கும்? சொல்லியிருந்தால் நான் போகவிட்டிருக்க மாட்டேன், அதுவும் உனக்குத் தெரியும்.

மாமா வீட்டு வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன். மாமாவின் மருமகள் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

புது ஹார்ட் டிஸ்க் போட்ட லேப்டாப்பைக் கடையிலிருந்து வாங்கி வந்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் முதல் டிஸ்க்கைப் போட்டேன். சுழன்றது. இரண்டாவது பாதியில் நின்று என் உயிரை எடுத்தது, பிறகு தானாகவே நகர்ந்தது. மூன்றாவது நீ மாற்றி வைத்த அந்தப் புது டிஸ்க். எங்கேயும் நிற்காமல் ஓடி முடிந்தது. சாயங்காலம் திரை வெளிச்சமாகி, முதல் நாள் மாதிரியே ‘உங்கள் பெயர் என்ன?’ என்று என்னைக் கேட்டது. லைசென்ஸ் சரி என்றும் சொல்லிவிட்டது.

ஒரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். உன் டிஸ்க்கில் வந்தது சிஸ்டம் மட்டும்தான். அம்மா மறுபடி முதலடி வைத்த வீடியோ, நாலைந்து வருஷத்துப் போட்டோக்கள் எல்லாம் போய்விட்டன. அதற்கு நகல் எடுத்து வைக்க வேண்டியவள் நான். ‘பிறகு, பிறகு’ என்றே அமுக்கிக்கொண்டிருந்தேன். உன் பங்கை நீ செய்துவிட்டாய், என் பங்கை நான்தான் கோட்டை விட்டேன். அந்த வருத்தம் இருக்கிறது, ஆனாலும் உன்மேல் இருக்கிற நன்றிதான் பெரிதாக இருக்கிறது.

திங்கட்கிழமை விடிகாலை எழுந்து பார்த்தால், அம்மா கட்டிலில் உட்கார்ந்திருக்கிறாள். ஒற்றைக் கையால் தலை வாரியிருக்கிறாள், வகிடு கோணலாகப் போயிருக்கிறது. மாத்திரைகளைத் தட்டில் எடுத்து வைத்து, சொம்புத் தண்ணீரை ஸ்டூல்மேல் இழுத்து வைத்திருக்கிறாள். பாதித் தண்ணீர் தரையில். என்னை ஆபீசுக்கு அனுப்பிவிட்டுத் தனியாக இருக்க வெள்ளிக்கிழமையிலிருந்தே பழகியிருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. முந்தின நாளே மெஷின் சரியானதைச் சொல்ல நினைத்தேன், அவள் தூங்கிவிட்டிருந்தாள்.

“இன்னும் கெளம்பலியா? ரயிலு பூடும்டி. நான் இருந்துக்கறேன், நீ போ.”

“எங்கியும் போகலமா. மெஷின் சரியாயிடுச்சி. நைனா ஏத்தி வச்ச டிஸ்க்கு.”

என் முகத்தையே பார்த்தாள். “ஊட்லதான் இருப்பியா?”

“ஊட்லதாம்மா.”

“பயந்துனே இருந்தேன்டி” என்று சொல்லிவிட்டு, குழந்தை மாதிரி அழுதாள். எதற்கும் பயந்தேன் என்று ஒப்புக்கொள்ளாத பொம்பளை அவள், உனக்குத் தெரியாததா? ஒன்பது மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது நான் லாகின் ஆகிவிட்டேன்.

நன்றி நைனா. இருந்தபோது ஒரு தடவையாவது இதைச் சொன்னேனா என்று யோசித்துப் பார்த்தேன், ஞாபகம் வரவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை உன்னைப் பைத்தியம் என்றதற்கு மன்னித்துக்கொள். டிசம்பரில் மாமா பெட்டியை இறக்கும்போது நான் போய் மூன்றையும் போட்டுப் பார்ப்பேன், மக்கினதை மாற்றுவேன். போட்டோக்களுக்கும் இனி ஒரு டிஸ்க் அங்கேயே இருக்கும். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

இன்னும் எழுத எவ்வளவோ இருக்கிறது. அம்மா கூப்பிடுகிறாள். எழுந்து நாலு எட்டு வைத்தால் போதும், போய்விடுவேன்.

உன்னிடம் கத்திக்கொண்டே வளர்ந்த உன் மகள்,
கோமதி
கோரமண்டல், தங்க வயல்