அண்ணி மாற்றிய சிங்க்

மார்ச் 4, செவ்வாய்

சிங்க் ஒழுகி, அதற்குக் கீழே இருக்கும் அலமாரிப் பலகை ஊறி உப்பிவிட்டது. கை வைத்தால் பிஸ்கட் மாதிரி உதிர்கிறது. பிளம்பர் "இதோ வந்துட்டே இருக்கேன்" என்று சொல்லி இன்றோடு ஒன்பது நாள். எங்கிருந்து நடந்து வருகிறாரோ!

சாப்பிடும்போது அண்ணி சாதாரணமாகச் சொன்னார்: "சிங்க்கை நானே மாத்திடறேன்." அண்ணி என் வீட்டுக்காரரின் அக்கா. கணவரைப் பிரிந்து, பத்து நாள் இருக்கிறேன் என்று வந்தவர், எட்டு மாதமாகிறது. இருபது வருடம் திரைச்சீலைக் கடையில் அளவெடுத்துத் தைத்தவர்.

இவர் சிரித்தார். "அக்கா, இது துணி இல்ல."

அண்ணி சிரிக்கவில்லை. எழுந்துபோய் அளவு டேப்பை எடுத்துவந்தார்.

மார்ச் 7, வெள்ளி

சிங்க் கடைக்காரர் அண்ணி நீட்டிய அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நீளம், அகலம், ஆழம், சுவரிலிருந்து குழாய் எவ்வளவு தூரம், எல்லாம் அதில் இருந்தது.

"யாரும்மா அளவெடுத்தது?"

"நான்தான். ஏன், தப்பா இருக்கா?"

"இல்ல, சரியா இருக்கு. அதான் கேட்டேன்."

மார்ச் 8, சனி

இன்று நான் செய்ததை எழுதவா, வேண்டாமா? எழுதித்தான் ஆக வேண்டும்.

காலையில் அண்ணி வால்வை மூடி, வாளி வைத்து, கழிவுக் குழாயைக் கழற்ற ஆரம்பித்தார். ஒரே நாற்றம். நான் கூடத்துக்கு நழுவினேன். தங்கை போன் செய்தாள். பேசிக்கொண்டே சமையலறைக் கதவோரம் வந்துவிட்டேன். அண்ணி கை கழுவப் போயிருப்பார் என்று நினைப்பு. ஃப்ரிட்ஜ் மறைத்ததில் அவர் அலமாரிக்குள் தலையை விட்டுப் படுத்திருந்தது தெரியவில்லை.

"எப்ப கிளம்புவாங்கன்னு அவங்களும் சொல்ல மாட்டேங்கறாங்க, நாமளும் கேக்க முடியல. வீட்ல மூச்சு விட இடமில்லடி."

உள்ளிருந்து குரல் வந்தது: "அந்தப் பெரிய ஸ்பேனரைக் கொஞ்சம் எடுத்துக் குடும்மா."

உடம்பெல்லாம் கூசிப்போச்சு. கொடுத்தேன். கை மட்டும் வெளியே வந்து வாங்கிக்கொண்டது.

மார்ச் 9, ஞாயிறு

நானாக இருந்தால் குழாயை அப்படியே போட்டுவிட்டுப் பெட்டியைத் தூக்கியிருப்பேன். அண்ணி வாயில் துணி கட்டிக்கொண்டு இரண்டு மணி நேரம் சமையல் மேடையில் சிங்க் உட்காரும் ஓட்டையின் விளிம்பை அரத்தால் ராவினார். புது சிங்க்குக்குப் பழைய ஓட்டை ஒரு நகக்கண் அளவு குறைச்சல். அவசரமே இல்லை. ராவுவார், அளப்பார், ஊதுவார், மறுபடி ராவுவார்.

பிறகு ஓரமெல்லாம் சிலிக்கான் பசை. "மூணு சொன்னதும் ரெண்டு பேரும் ஒண்ணா விடணும்." அண்ணியும் நானும் சிங்க்கை இறக்கினோம். தைத்துப் போட்ட சட்டை மாதிரி உட்கார்ந்தது.

"அக்கா!" என்றார் இவர்.

நாளை வரை தண்ணீர் படக்கூடாதாம். பாத்திரமெல்லாம் குளியலறையில்.

மார்ச் 10, திங்கள்

சிங்க்கை நிரப்பித் திறந்துவிட்டோம். கீழே விரித்த காகிதத்தில் பொட்டு அளவு ஈரம்.

"ஒரு சொட்டுதானே அண்ணி, கிண்ணம் வெச்சுக்கலாம்."

"ஒரு சொட்டுலதான் அந்தப் பலகையே போச்சு."

எல்லாவற்றையும் மறுபடி கழற்றினார். வாஷர் தலைகீழாக இருந்திருக்கிறது. திருப்பிப் போட்டு முடுக்கினார். இந்த முறை காகிதம் நனையவில்லை. என்ன பொறுமை! யாருக்காக இந்தச் சுத்தமான வேலை? அப்படிப் பேசிய எனக்காகவா?

பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். "அண்ணி, அன்னிக்கு போன்ல நான்..."

"கேட்டேன்." ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "நீ என்ன, நானே தினமும் எழுந்ததும் அதைத்தான் கேட்டுக்கறேன்."

நான் எழுந்து குளியலறையிலிருந்த பாத்திரங்களை எடுக்கப் போய்விட்டேன். பாவி நான், "இங்கயே இருங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

மார்ச் 13, வியாழன்

இன்றும் சொல்லவில்லை.

மார்ச் 22, சனி

மாடி வீட்டம்மா வந்து சிங்க்கைத் தடவித் தடவிப் பார்த்தார். "எங்க வீட்லயும் ஒழுகுது. மாத்திக் குடுப்பீங்களா? இங்க இன்னும் எத்தனை நாள் இருப்பீங்க?"

அண்ணி என்னைப் பார்க்காமல் பதில் சொல்ல வாயெடுத்தார். நான் முந்திக்கொண்டேன். "அவங்க எங்கயும் போகல. இங்கதான் இருக்காங்க."

அந்த அம்மா போனதும் நான் பின்னறை அலமாரியில் மூன்று தட்டுகளைக் காலி செய்தேன்.

"எதுக்கு இதெல்லாம்?"

"உங்க துணிக்கு."

அண்ணி தன் பெட்டியை இழுத்துவந்து திறந்தார்.

"மேல் தட்டு எனக்கு எட்டாது" என்றார். "அதை நீயே வெச்சுக்கோ."