குடும்பப் பெஞ்சில் அவளுக்கு இடமில்லை

என் மகள் உவேராவுக்கு அம்மா எழுதுவது. நீயும் பிள்ளைகளும் அந்த மொன்றியால் குளிரில் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசைப் பற்றிக் கேட்காதே. நம் ஆட்களை வெட்டிப் புதைத்த குழியைத் திறந்த அன்றைக்கு அங்கே நின்றவர்களை முதலில் சொல்கிறேன், நாளைக்கு யாரும் மாற்றிச் சொல்லக் கூடாது. உன் சித்தப்பா கசானா, பாஸ்டர் ஹத்தெகெக்கா, எலும்பு கழுவுகிற நிராபஹீரே, நான், அப்புறம் உன் ஞானத்தாய் தன்சில்லா. அவளுடைய வாழைத்தோப்பில்தான் குழி. ரோட்டை அகலப்படுத்த வந்தவர்கள் தோண்டியபோது முதலில் ஒரு சின்னச் செருப்பு வந்ததாம்.

மறுநாள் துணிகளை அலசி, வழக்கப்படி அடையாளம் பார்க்கப் புல்லில் விரித்துப் போட்டார்கள். டுட்சி என்று சொல்லி வெட்டப்பட்டவர்களின் வீட்டு ஆட்கள் எல்லாரும் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டே நடந்தோம். நாலைந்து துணி தாண்டியதும் உன் தம்பி கபேராவின் நீல ஸ்வெட்டர். முழங்கையில் மஞ்சள் நூல். நீல நூல் தீர்ந்துபோய் நான்தான் மஞ்சளில் தைத்தேன், "பசங்க சிரிப்பாங்கம்மா" என்று அழுதுகொண்டே போட்டுக்கொண்டான்.

அந்தக் கொலைக்காலத்தில் சதுப்பில் ஒளிந்திருந்து நான் திரும்பி வந்தபோது, தன்சில்லா தன் கட்டிலடியிலிருந்து உன்னை வெளியே கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். கொடுத்துவிட்டு, "கபேரா ஆத்தைத் தாண்டி புருண்டிப் பக்கம் ஓடினதை என் கண்ணால பார்த்தேன்க்கா, வந்துருவான்" என்றாள். அதை நம்பித்தான் இத்தனை வருஷமும் கதவுக்குத் தாழ் போடாமல் படுத்தேன். புருண்டியிலிருந்து வரும் லாரிக்காரர்களை எல்லாம் மறித்து, காதுக்குக் கீழே மச்சம் உள்ள பையனைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். "பாட்டி, உன் பையனுக்கு இப்போ தாடி நரைச்சிருக்கும்" என்று ஒருவன் கேலி செய்தான். நினைவு வாரத்தில் செத்தவர்கள் பெயரை வாசிக்கும்போது கபேரா பெயரைச் சேர்க்க நான் விட்டதில்லை, உயிரோடு இருக்கிறவனை ஏன் சாகடிக்கிறாய் என்று கசானாவோடு சண்டை போட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து தன்சில்லாவும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அந்தத் தோப்பு வாழைத்தாரை எனக்குக் கொடுத்தனுப்புவாள். நானும் தின்றேன், உவேரா.

ஏன்டி சொல்லவில்லை என்று கேட்டால், "சொல்லியிருந்தா நீ அன்னிக்கே செத்திருப்பேக்கா" என்று அழுகிறாள். அவள் புருஷன் அந்தக் குழியில் மண் தள்ளியதை ஜன்னலில் நின்று பார்த்தவள். அவனைக் காப்பாற்ற வாயை மூடிக்கொண்டாள்.

"என்னைக் காப்பாத்தினவம்மா, அடக்கத்தன்னிக்கு நம்ம பெஞ்சில உக்கார வை" என்று போனில் சொன்னாய். காப்பாற்றினாள், இல்லை என்று யார் சொன்னார்கள்? அதற்காக அவள் காலில் விழுந்தேன், இன்னும் விழுவேன். ஆனால் அவள் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தால் நான் எழுந்து போய்விடுவேன், என் பிள்ளையின் அடக்கத்தை விட்டுவிட்டுப் போவேன். எலும்பெல்லாம் ஒன்றோடொன்று கலந்துவிட்டது, எல்லாரையும் ஒரே பெட்டியில் வைக்கப் போகிறார்கள். நான் எதைத் தொட்டு அழுவேன்? ஏப்ரலில் அடக்கத்துக்கு நீ வந்துவிடு. இந்தத் தடவை அவன் பெயரை நீதான் வாசிக்க வேண்டும், என் வாயில் வராது.

பேரப்பிள்ளைகளை ஆண்டவர் தன் கைக்குள் வைத்துக்கொள்ளட்டும். காதை மூடிப் பள்ளிக்கு அனுப்பு. பாஸ்டர் மன்னி மன்னி என்கிறார். வெட்டியவர்கள் இரண்டு பேர் ஜெயிலிலிருந்து வந்து மண்டியிட்டுக் கேட்டார்கள், போங்கள் என்று விட்டுவிட்டேன். அவர்கள் எனக்கு வாழைத்தார் அனுப்பியவர்கள் இல்லை. தன்சில்லாவை விட மாட்டேன்.

உன் அம்மா,
முகந்தோரி