பாசிச் சாக்கு

2024 டிசம்பர் 8, ஞாயிறு

முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். இது செடிகளுக்காக வாங்கிய கொப்பி. எந்தத் தொட்டிக்கு எந்த நாள் தண்ணீர், எதற்கு எப்போது உரம் என்று மட்டும்தான் இதுவரை எழுதியிருக்கிறேன். இதில் என் கதையை எழுதுவது அவற்றின் இடத்தைப் பிடிப்பது மாதிரி இருக்கிறது. ஆனால் எனக்குப் பேச்சு வராது. அலுவலகத்தில் ஒரு நாள் முழுக்கப் பேசியதைச் சேர்த்தாலும் இருபது வசனம் தேறாது. எங்காவது சொல்ல வேண்டுமே. பின்பக்கத்திலிருந்து எழுதிக்கொண்டு வருகிறேன்.

இன்று தண்ணீர்: பத்தொன்பது ஓர்கிட் தொட்டிகளுக்கு. மிஸ்ஸின் செடிக்கு மட்டும் இல்லை.

ஜெயந்தினி மிஸ் எனக்கு உயர்தரத்தில் உயிரியல் படிப்பித்தவர். ஹட்டன் பஸாரில் துணிக்கடை வைத்திருக்கும் குடும்பம். ஓய்வு பெற்றபின் ஓர்கிட் வளர்ப்பவர்கள் பதினொரு பேரைச் சேர்த்து ஒரு குழு நடத்துகிறார். தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளிலிருந்து அதில் இருப்பவள் நான் ஒருத்திதான். மகளின் பிரசவத்துக்குக் கனடா போகும்போது, பதினொரு வருடமாக வளர்த்த செடியை என்னிடம் தந்துவிட்டுப் போனார். ஏழு தண்டு. ஏப்ரல் கண்காட்சிக்கு வைக்கப் போகிறாராம்.

"வீட்டுல கேட்டாங்க, போயும் போயும் லயத்துக்கா குடுத்தனுப்புறேன்னு. எனக்கு ஒன் மேல நம்பிக்கை. தண்ணி கொஞ்சமாத் தெளி. வேற ஒண்ணும் செய்யாத."

நான் சிரித்தேன். எதற்குச் சிரித்தேன் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

டிசம்பர் 15

மிஸ்ஸின் செடியில் இன்னும் நான்கு இலை உதிர்ந்தது. ஐந்து தண்டு மொட்டை.

டிசம்பர் 18

எங்கள் வீட்டுக் காம்பராவுக்குப் பின்னால் இருக்கும் பொலித்தீன் கொட்டகையை நாங்கள் 'கூடு' என்போம். பழைய இரும்புக் குழாய்களை வளைத்து அப்பா கட்டித் தந்தது. நான் பட்டம் வாங்கிய வருடம். மலையில் வேலை முடிந்து வந்ததும் அப்பா கூட்டுக்குள் வருவார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பத்து நிமிடம் நிற்பார். எதையும் தொட மாட்டார். இந்த மாதம் முழுக்கத் தேயிலைச் செடிகளைக் கத்தியால் கவ்வாத்து வெட்டுகிறார். கையில் காய்ப்பு வெடித்திருக்கிறது.

இன்று மிஸ்ஸின் செடியைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மிஸ்ஸுக்கு ஒரு போன் போட்டுக் கேளேன் புள்ள."

"எனக்குத் தெரியும்பா."

தெரியாது. ஆனால் கெட்டிக்காரி, கெட்டிக்காரி என்று ஆறு வருடமாகச் சொல்லும் மிஸ்ஸிடம் தெரியாது என்று எப்படிச் சொல்வது?

டிசம்பர் 22, ஞாயிறு

வெட்டிவிட்டேன்.

காய்ந்த தண்டை விட்டுவைத்தால் அழுகல் மற்றதுக்கும் பரவும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். அம்மாவின் தையல் கத்தரிக்கோலால் ஐந்தையும் வெட்டினேன். தண்டு கடினமாக இருந்தது. இரண்டு மூன்று தடவை நெரித்துத்தான் வெட்ட முடிந்தது. வெட்டியபின் உள்ளே பார்த்தால் பச்சை. ஈரம்.

பிறகுதான் தேடிப் படித்தேன். படித்துவிட்டு வெட்டியிருக்க வேண்டும். இந்த இனம் குளிரில் இலையை உதிர்த்துவிட்டு, அந்த மொட்டைத் தண்டில்தான் பூக்கும். ஒரு தண்டை வெளிச்சத்தில் பிடித்தேன். கணுக்களில் கடுகளவு புடைப்பு. வரிசையாக.

அம்மா கொல்லைப்பக்கம் வரும் சத்தம் கேட்டது. தண்டுகளை, தொட்டிகள் வைக்கும் பலகைக்குக் கீழே இருந்த பாசிச் சாக்குக்குள் திணித்தேன். செடி மாற்றி நடுவதற்காகப் பாறையிலிருந்து உரித்து வைத்திருந்த பாசி.

டிசம்பர் 29

சாக்குப் பக்கம் குனியவில்லை.

2025 ஜனவரி 5, ஞாயிறு

எழுதாமல் விட்டால் நடக்கவில்லை என்று ஆகிவிடுமா? ஆகாது. எழுதுகிறேன்.

மிஸ் காலையில் த்ரீவீலில் வந்து இறங்கினார். கனடாவிலிருந்து சொக்லட். அம்மா கதிரைக்குப் புது விரிப்புப் போட்டிருந்தார். மிஸ் உட்காரவில்லை, நேரே கூட்டுக்குள் போனார். நான் பின்னால். அப்பா கூட்டின் வாசலில் இரும்புக் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மிஸ் செடியைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"யாரு இதச் செஞ்சது?"

நிலத்தைப் பார்த்தேன். "அப்பா" என்றேன்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "எனக்குத் தெரியாம… கவ்வாத்துப் பழக்கத்துல…" இதையும் நான்தான் சேர்த்தேன். யாரும் கேட்கவில்லை.

"அதானே பார்த்தேன்," என்றார் மிஸ். "இவங்க கைக்கு வெட்ட மட்டுந்தானே தெரியும். ஒன்னையச் சொல்லி என்ன செய்ய."

ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. என் பொய்க்கு அவர் ஏற்கெனவே இடம் ஒதுக்கி வைத்திருந்தார். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

அப்பா உள்ளே வந்தார். குனிந்து, வெட்டிய அடிக்கட்டைகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நிமிர்ந்து கையைக் கூப்பினார்.

"நான்தாங்க மிஸ். காஞ்சுபோச்சுன்னு நெனச்சிட்டேன். மன்னிச்சுக்குங்க."

"வெட்டுன தண்டு எங்க?"

"அடுப்புல போட்டுட்டேங்க."

சாக்கு மிஸ்ஸின் காலிலிருந்து ஒரு முழத்தில் இருந்தது.

மிஸ் தொட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அப்பா என்னைப் பார்க்கவில்லை. பின்னேரம் அம்மா அரிசி புடைத்துக்கொண்டே கேட்டார்: "நீங்க என்னைக்குங்க கூட்டுக்குள்ள கத்தியோட போனீங்க?"

"விடு மீனம்மா."

நான் அடுத்த காம்பராவில் இல்லை. அங்கேயேதான் உட்கார்ந்திருந்தேன்.

ஜனவரி 6

என்ன பிறவி நான்?

ஜனவரி 19, ஞாயிறு

குழுக் கூட்டம். போகாமல் இருந்தால் சந்தேகம் வரும் என்று போனேன். இப்போது இப்படியெல்லாம் யோசிக்க வருகிறது.

மிஸ் கதையைச் சொன்னார். கோபமாக இல்லை, நகைச்சுவையாக. "நம்ம ஷாமிலாவோட அப்பா என் செடிக்கு ஒரு கவ்வாத்துப் போட்டாரு பாருங்க, தோட்டத்துத் துரை கண்டிருந்தா சம்பளத்தக் கூட்டியிருப்பாரு."

மருந்துக்கடை கஜேந்திரன் சேர், "அடுத்த ரவுண்டுல தேயிலைக் கொழுந்தே எடுக்கலாம் மிஸ்" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஒரு வினாடி பிந்தித்தான். ஆனால் சிரித்தேன்.

பிறகு பிஸ்கட் தட்டை என் பக்கம் நகர்த்தினார்கள். எடுத்துச் சாப்பிட்டேன்.

பெப்ரவரி 2, ஞாயிறு

அம்மாவின் முழங்காலுக்குத் தைலம் வாங்க அப்பா ஹட்டனுக்குப் போனார். அம்மாவும் கூட. கடையில் கஜேந்திரன் சேர், "வாங்க கவ்வாத்து மாஸ்டர், ரோசாச் செடி ஒண்ணு இருக்கு, வெட்டிட்டுப் போறீங்களா?" என்று கேட்டாராம். அம்மாதான் வந்து சொன்னார்.

"அப்பா என்னா சொன்னாங்க?"

"சிரிச்சாரு. வேற என்னா செய்வாரு. நீ படிச்ச புள்ளல்ல, நீ சொல்லு, என்னா செய்யணும்?"

அம்மாவுக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் தினமும் எனக்குச் சோறு கட்டித் தருகிறார்.

இன்னொன்று. அப்பா கூட்டுக்குள் வருவதில்லை. நாலு வாரமாக. தண்ணீர் வாளியை வாசலில் வைத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார். முதலில் தற்செயல் என்று நினைத்தேன். இன்று, "ஏம்ப்பா, உள்ள வச்சிருங்களேன்" என்றேன்.

"வேணாம் புள்ள. நம்ம கை பட்டு ஏதும் ஆயிரும்."

குத்தலாகச் சொல்லவில்லை. அதுதான். அவர் சொன்ன பொய்யை அவரே காப்பாற்றிக்கொண்டிருக்கிறார் - எனக்காக. நான் 'வாங்க' என்று வற்புறுத்தவில்லை. வந்தால் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும்.

பெப்ரவரி 16

தண்ணீர்: பத்தொன்பது. வாளி வாசலில் இருந்தது.

மார்ச் 9

என் செடியில் முதல் மஞ்சள் பூக்கொத்து விரிந்தது. முந்தைய வருடம் இது விரிந்தபோது அப்பா பக்கத்து லயத்து இராமையா மாமாவைக் கூட்டிவந்து காட்டினார். "எம் புள்ள வளர்த்தது" என்று. இந்த வருடம் நான் மட்டும் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது.

ஏப்ரல் 20, ஞாயிறு

தொட்டிக்குப் போடும் தேங்காய் மட்டை தீர்ந்துவிட்டது. வேறு வழியில்லாமல் சாக்கை இழுத்தேன். அழுகிக் கிடக்கும் என்று மூக்கைப் பொத்திக்கொண்டுதான் பிரித்தேன்.

தண்டுகள் பச்சையாகவே இருந்தன. மேலே உள்ள தொட்டிகளிலிருந்து சொட்டிய தண்ணீரில் பாசி காயவேயில்லை. கணுக்களில் குட்டிச் செடிகள். எண்ணினேன், ஏழு. இரண்டு மூன்று இலை, அடியில் நூல்போல வெள்ளை வேர்.

நாலு மாதம் ஒளித்து வைத்தது, நான் பாராமலே வளர்ந்திருக்கிறது.

உடனே என்ன செய்தேன்? அப்பாவைக் கூப்பிடவில்லை. படம் எடுத்து மிஸ்ஸுக்கு அனுப்பினேன். இரண்டு நிமிடத்தில் பதில்: 'எப்படி? அடுப்பில் போட்டதாகச் சொன்னாரே?'

நான் எழுதினேன்: 'அடுப்பில் போட அப்பா எடுத்து வைத்ததை நான் இரகசியமாக எடுத்துப் பாசியில் வைத்தேன் மிஸ்.'

எழுத்துப் பிழைகூட இல்லை.

ஏப்ரல் 21

மிஸ் படத்தைக் குழுவில் போட்டிருக்கிறார். 'அப்பா அழித்ததை மகள் காப்பாற்றினாள்.' ஒன்பது கைதட்டல், இரண்டு பூச்செண்டு.

அலுவலகக் கழிப்பறையில் நின்று அழுதேன். முதல் பொய் பயத்தில் வந்தது. சரி. இது? இது எதுக்கு? யாரு கேட்டா? பாராட்டு வேணுமா ஒனக்கு, பாராட்டு?

மே 4

மிஸ் அடுத்த ஞாயிறு குட்டிகளைப் பார்க்க வருகிறார். அப்பாவிடம் சொன்னேன். "நான் அந்நேரம் கோயில் பக்கம் போயிருறேன்" என்றார். "மிஸ்ஸுக்கு என்னையப் பார்த்தா மறுபடி மனசு கஷ்டமாயிரும்."

"இருங்கப்பா" என்றேன். அதற்கு மேல் வரவில்லை.

மே 11, ஞாயிறு

அப்பா இருந்தார். வாசலுக்கு வெளியே, குழாயைப் பிடித்துக்கொண்டு.

மிஸ் உள்ளே வந்து குட்டிகளைப் பார்த்து, "கெட்டிக்காரிடி நீ" என்றார். என் தோளைத் தட்டினார். அந்தக் கையை எடுக்கும் முன்பே சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். ஒரு தண்டைத் திருப்பி, வெட்டிய முனையைக் காட்டினேன்.

"பாருங்க மிஸ். நசுங்கியிருக்கு. கத்தி இப்புடி நசுக்காது. ஒரே வீச்சுல சரிவா வெட்டும். இது அம்மாவோட தையல் கத்தரிக்கோல். நான்தான் வெட்டினேன். சாக்குக்குள்ள ஒளிச்சதும் நான்தான். அப்பா இதத் தொடக்கூட இல்ல."

என் வாழ்நாளில் ஒரே மூச்சில் நான் இவ்வளவு பேசியதில்லை.

மிஸ் தண்டின் முனையை விரலால் தடவினார். பிறகு வாசலைப் பார்த்தார். "நீங்க ஏங்க ஒத்துக்கிட்டீங்க?"

அப்பா குழாயிலிருந்து கையை எடுத்தார். "என்னைய ஏசுனா நாலு நாள்ல மறந்துருவீங்க மிஸ். தோட்டத்து ஆளுதானே. புள்ளைக்கு அப்புடியில்ல. பெறகு ஒங்க வீட்டுப் படி ஏறவே கூசும்."

அம்மா கொண்டுவந்த தேத்தண்ணீர் மிஸ்ஸின் கையில் ஆறியது. குடிக்கவில்லை. என்னைக் கட்டிப்பிடிக்கவும் இல்லை, ஏசவும் இல்லை. "குட்டியப் பிரிச்சு நடு. ரெண்டு எனக்கு. மிச்சம் நீ வச்சுக்க," என்றார். படிப்பிக்கும் குரல். அடுத்த கூட்டத்துக்கு வா என்று சொல்லவில்லை.

த்ரீவீலில் ஏறப் போனவர் திரும்பி அப்பாவிடம், "வீரய்யாண்ணே, நான் அன்னைக்கிப் பேசுனது…" என்று தொடங்கினார். முடிக்கவில்லை.

"வண்டி நிக்குது மிஸ். பார்த்துப் போங்க."

அவர் போனதும் குழுவில் எழுதினேன்: 'செடியை வெட்டியது நான். அப்பா இல்லை. பொய் சொன்னதும் நான்.' எல்லோரும் பார்த்துவிட்டார்கள். யாரும் பதில் போடவில்லை. ஒரு மணி நேரம் கழித்துக் கஜேந்திரன் சேர் மட்டும், 'அப்பாவிடம் நான் சுகம் கேட்டதாகச் சொல்லுங்கள்' என்று போட்டிருந்தார்.

அம்மாவிடம் கறுவாப்பட்டைத் தூள் கேட்டேன், வெட்டும் இடம் அழுகாதபடி பூச. "கறிக்கே போடாம வச்சிருக்கேன், ஒன் செடிக்கு வேணுமாக்கும்," என்று ஏசிக்கொண்டே போத்தலோடு தந்தார். ஜனவரிக்குப் பிறகு அம்மா என்னை ஏசியது இன்றுதான்.

அப்பா வாளியைக் கொண்டுவந்து வாசலில் வைத்தார்.

"அன்னைக்கே ஒங்களுக்குத் தெரியுமாப்பா?"

"முப்பது வருசமா வெட்டுறவனுக்குக் கத்தரிக்கோலு வெட்டுத் தெரியாதா?" என்றார். கோபம் இல்லை. திரும்பி நடந்தார்.

ஏழு குட்டிகளையும் தண்டிலிருந்து பிரிக்க வேண்டும். கத்தரிக்கோலை எடுத்தேன். வைத்துவிட்டேன். அவர் துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு காம்பரா மூலைவரை போயிருந்தார். நாலு மாதமாகக் கேட்கத் தைரியம் வராததைக் கேட்டேன்.

"அப்பா, ஒங்க கத்திய எடுத்துக்கிட்டு உள்ள வாங்க. நீங்க வெட்டித் தாங்க."