அப்பாவுக்கு நான் வைத்த பத்தியம்

மெல்பேர்ண்
14.8.1977

அன்புள்ள மகள் கமலினிக்கு,

நீயும் மருமகனும் லுசாக்காவில் நோய்நொடியின்றி இருக்க நல்லூர் முருகனை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். இங்கே நான் நடமாடித் திரிகிறேன், அவ்வளவுதான். அப்பாவைப் பற்றிப் போன கடிதத்தில் பாதியைத்தான் எழுதினேன், மீதியை எழுதக் கை வரவில்லை, இன்றைக்கும் எழுதாவிட்டால் எனக்கு நெஞ்சு ஆறாது.

ஈரல் புற்றுநோய்க்கு ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றத் தொடங்கியது உனக்குத் தெரியும். முதல் தரம் ஏற்றியபின் மூன்று நாள் ஒரே சத்தி, குடித்த தண்ணீர்கூட வெளியே வந்தது. பார்க்கச் சகிக்காமல், அப்பாவோடு வேலை செய்த விக்னராஜாவிடம் விசாரித்து, சீனக் கடைத் தெருவில் ஒரு வைத்தியரிடம் கூட்டிப்போனேன். வயதான மனிதர், இரண்டு கை நாடியையும் நெடுநேரம் பிடித்துப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், வேரும் பட்டையுமாய்ப் பொட்டலம் கட்டித் தந்தார். இது நோயை மாற்றும் என்று சொல்லமாட்டேன், சத்தி குறையலாம், ஆஸ்பத்திரி மருந்தை விடவேண்டாம், டொக்டரிடமும் சொல்லுங்கள் என்றார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். டொக்டரிடம் மட்டும் சொல்லவில்லை, ஏசுவார் என்ற பயம்தான்.

சத்தி குறைந்தது உண்மை, பிள்ளை. ஆனால் உன் அம்மாவின் புத்தியைக் கேள். அந்த வேரையும் பட்டையையும் குடிநீராக அவித்துக் கொடுத்தால் பத்தியம் காக்கத்தானே வேண்டும் என்று, ஒருவரையும் கேட்காமல் மீன், முட்டை, இறைச்சி, புளி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். ஐந்து கிழமையாக, ஒரு மாதத்துக்கு மேல், கஞ்சியும் வறுத்த உப்பும்தான். நான் சமைக்கும்போது மனிதர் குசினி வாசலில் கதிரையைப் போட்டுக்கொண்டு, இஞ்சை பார், ஒரு துண்டு மீன் தாவன் என்று ஒவ்வொரு நாளும் கேட்பார். மருந்து முறிஞ்சு போகும், கொஞ்சம் பொறுங்கோ என்று நான் அதட்டிவிடுவேன். போன வியாழன் நிறை பார்த்த டொக்டர், இந்த உடம்பு இனி மருந்து தாங்காது, நிறுத்தத்தான் வேண்டும் என்றார். மருந்துதான் ஆளை உருக்குகிறது என்று அவர் நினைத்தார். நான் அங்கேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் ஏசவில்லை. பொட்டலத்தைக் கொண்டுவந்து காட்டுங்கள், அதுவரை குடிநீர் வேண்டாம், நன்றாகச் சாப்பிடக் கொடுங்கள், நிறை ஏறினால் மறுபடி ஏற்றலாம் என்றார். சீன வைத்தியரிடம் ஓடினேன். மீனை நிறுத்தச் சொன்னது யார் என்று அவர் என்னையே திருப்பிக் கேட்டார்.

அன்றைக்கே சந்தையில் நல்ல மீனாகப் பார்த்து வாங்கி, புளி விட்டுக் குழம்பு வைத்தேன். அப்பா ஒரு வாய் வைத்தார். பிறகு தின்னுறன் என்று சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவிட்டார். என்னில் கோபமில்லை அவருக்கு, விழுங்க முடியவில்லை. கேட்ட நாளெல்லாம் நான் கொடுக்கவில்லையே என்றுதான் எனக்குத் தாங்கவில்லை. வருகிற வியாழன் திரும்பவும் நிறை பார்ப்பார்கள்.

லீவு கிடைக்கட்டும் என்று பார்த்துக்கொண்டிராமல் கெதியாய் வா. நீ உன் கையால் தீத்தினால் இரண்டு வாய் கூடச் சாப்பிடுவார். என்னை ஏச வேண்டுமென்றால் அவருக்கு முன்னால் வேண்டாம், குசினிக்குள் வந்து ஏசு. மருமகனுக்கும் உனக்கும் முருகன் துணை. குழம்பை இன்னும் கொட்டவில்லை, நேரத்துக்கு நேரம் சூடாக்கிக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு
உன் அம்மா
சிவனேஸ்வரி