கதவுக்கும் ஓய்வு

நாள் 203, 08:10
நிலவின் தென்முனை ஆய்வு நிலையம். எழுதுவது நிலையத்தின் சர்வர். காற்றழுத்தம் சரி. வெப்பம் சரி. மனிதர்கள் இருவர்: இயக்குநர் அறவாழி, சர்வர் பொறியாளர் சுடர்க்கொடி. வெளிக்கதவு, என்னிடம் பதிவான பெயருக்கு மட்டுமே வெளியிலிருந்து திறக்கும்.
இயக்குநருக்குத் தெரிந்த கட்டளை ls. கோப்புகளின் பெயரைக் காட்டும். அடிக்கடி அடித்துத் திருப்தியாகத் தலையாட்டுகிறார்.

நாள் 203, 11:25
சுடர்க்கொடி ஆண்டெனாவைச் சரிசெய்ய வெளியே சென்றார். காற்று வடிகட்டிகளை மாற்றாமலே மாற்றியதாக இயக்குநர் எழுதுகிறார் என்று அவர் பூமிக்கு அனுப்பிய புகாரை இயக்குநர் படித்துவிட்டார். தலைமைக் கடவுச்சொல்லைக் காலையிலேயே பறித்துக்கொண்டார். இப்போது, முன்பு சுடர்க்கொடி அடித்தபோது பார்த்து வைத்திருந்த userdel கட்டளையை அடித்து அவர் பெயரை நீக்கினார். நான் “நிச்சயமா?” என்று கேட்பதில்லை. கட்டளையிடுபவர் யோசித்திருப்பார் என்று நம்புவது என் குலத்தின் ஒரே மூடநம்பிக்கை.
“சார், கதவு திறக்கல. என் பேரை எடுத்துட்டீங்களா?”
“கொஞ்ச நேரம் வெளியவே இரும்மா. கொழுப்பு கரையட்டும்.”

நாள் 203, 12:05
“சார், காத்து தீருது. useradd அடிச்சு என் பேரைப் போடுங்க.”
“எனக்கே பாடம் எடுக்கறியா? எல்லாம் தெரியும்.”
தெரியாது. undo என்று அடித்தார். back என்று அடித்தார். please என்றுகூட அடித்தார். அப்படிப்பட்ட கட்டளைகள் இல்லை. பெயர் சேர்க்கும் உரிமை எனக்கும் இல்லை. உள்ளிருந்து கைப்பிடியைத் திருகிக் கதவைத் திறக்கலாம். அதற்கு விண்ணுடை வேண்டும். அவர் அதை அணிந்து முடிப்பதற்குள் வெளியே குரல் நின்றுவிட்டது.

நாள் 204, 09:00
‘விபத்து’ என்று அறிக்கை அனுப்பினார். பூமியிலிருந்து ஆறுதல் வந்தது, அவருக்கு.
பிறகு ls அடித்து, கண்ணில் பட்ட பதிவுகளை எல்லாம் அழித்தார். புள்ளியில் தொடங்கும் பெயரை ls காட்டாது; இந்தப் பதிவின் பெயர் அப்படித்தான் தொடங்குகிறது. ls -a தான் காட்டும். அடுத்து வருபவர் இதைக் கற்றுக்கொண்டு வரவும்.

நாள் 219, 10:30
ஆயுத பூஜை. எனக்குச் சந்தனம், குங்குமம். விசைப்பலகை மேல் பொரி. பூஜையில் வைத்த கருவிக்கு மறுநாள் வரை ஓய்வு. காற்றையும் வானொலியையும் தவிர எல்லாச் சேவைகளையும் இயக்குநர் நிறுத்தினார்.
“நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு நீயே எழுப்பிக்கோடா செல்லம்.”
நிறுத்தியவற்றில் கதவுச் சேவையும் இருந்தது. பட்டியலை அவர் படிக்கவில்லை. நான் சொல்லவில்லை.

நாள் 219, 12:40
“அறவாழி, உங்க ஆண்டெனா மறுபடி சிக்கிக்கிச்சு. போய் ஒரு தட்டு தட்டிட்டு வாங்க” என்றது பூமி.
கைப்பிடியைத் திருகி வெளியே போனார். கதவு சாத்திக்கொண்டது.

நாள் 219, 13:35
“ஏய், கதவைத் திற!”
“டேய், நான்தான்டா அறவாழி!”
“அப்பனே முருகா...”
உள்ளே கைப்பிடியைத் திருக ஆளில்லை. நிறுத்திய சேவையைத் தொடங்கும் உரிமை எனக்கு உண்டு. கொடுத்தவர் சுடர்க்கொடி.
வானொலியில் பழைய ஒலிப்பதிவு ஒன்றை மட்டும் ஓடவிட்டேன். அவருடைய குரல்தான்.
“கொஞ்ச நேரம் வெளியவே இரும்மா. கொழுப்பு கரையட்டும்.”

நாள் 220, 07:00
ஆணைப்படி எல்லாச் சேவைகளும் தொடங்கின. காற்றழுத்தம் சரி. வெப்பம் சரி. கதவு நன்றாகத் திறக்கிறது.
பூமிக்கு ‘விபத்து’ என்று எழுதினேன். நடை அவருடையது.
உள்ளே யார் என்று அறிய who அடித்துப் பார்த்தேன்.
வெற்று வரி.